குடியும் மனநோயும் சிறை வாசலும்: கணவன் மனைவி சேர்ந்து படிக்க ஒரு பாடம்



குடும்ப நலப் பிரசுரம் என்றால் தாய் சேய் நலம், தடுப்பூசி, சத்துணவு என்று இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் "ஜெயிலுக்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்? நாமென்ன திருடவா போறோம்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. திருடப் போகாதவர்கள் வீட்டிலும் ஒரு நாள் ராத்திரி போலீஸ் ஜீப் வந்து நிற்பதுண்டு. குடித்துவிட்டு வரப்புத் தகராறில் மண்வெட்டியை ஓங்கியிருப்பார். அல்லது மருந்தை நிறுத்திவிட்டுச் சந்தேகம் முற்றிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை அடித்திருப்பார். அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த மனிதர் சிகிச்சைக்குப் போகிறாரா, கம்பிக்குப் பின்னால் மருந்தில்லாமல் கிடக்கிறாரா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

இந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: மனநோயையும் குடிநோயையும் மறைக்காதீர்கள், முதல் நாளிலேயே சொல்லுங்கள். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சிறையில் இருப்பவர்கள் யார்?

2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். வழக்கு முடியவில்லை, அல்லது ஜாமீன் கிடைக்கவில்லை, அல்லது ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

இவர்களின் மனநலம் எப்படி இருக்கிறது? பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் அந்நகர மத்தியச் சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 4,002 பேருக்கு மனநோயோ, போதைப் பழக்கமோ, இரண்டுமோ இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர்! போதைப் பழக்கத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டாலும் 1,389 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 28 பேருக்கு, வேறு ஏதாவது ஒரு மனநோய் இருந்தது.

இது பெங்களூருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. 24 நாடுகளில் 33,588 கைதிகளிடம் செய்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2012-இல் வெளியிட்டார்கள். ஆண் கைதிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், பெண் கைதிகளில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் கடுமையான மனச்சோர்வு இருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் அளவில் புத்தி பேதலிக்கும் தீவிர மனநோய் இருந்தது. சிறை எந்த ஊரில் இருந்தாலும் அதற்குள் ஒரு ஆஸ்பத்திரி அளவுக்கு நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

மனநோய் வந்தவர் எல்லாம் ஆபத்தானவரா?

இல்லவே இல்லை. "பைத்தியம் எப்ப என்ன பண்ணும்னு தெரியாது" என்று ஊரில் சொல்வது தவறு. ஸ்வீடன் நாட்டில் மனச்சிதைவு நோய் உள்ள 8,003 பேரைப் பற்றிய பல வருடப் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள்.

சாதாரண மக்களில் வன்முறைக் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்.

மனச்சிதைவு நோய் இருந்து, போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பேர்.

மனச்சிதைவு நோயும் இருந்து, போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டவர்களில் நூற்றுக்கு 28 பேர்.

புரிகிறதா? நோய் மட்டும் இருந்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். நோயோடு போதை சேரும்போதுதான் நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதையாகிறது. அப்போதுகூட நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அப்படித் தண்டனை பெறவில்லை. ஆகவே மனநோய் உள்ளவரைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர் குடிக்கத் தொடங்கினால் மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். "கவலைய மறக்கக் கொஞ்சம் குடிச்சுட்டுப் போறான், விடு" என்று மாமாவோ மச்சானோ சொன்னால் ஏற்காதீர்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு குவார்ட்டர்கூட வேண்டாம்.

குடி என்பது கெட்ட குணமா, நோயா?

ஆரம்பத்தில் பழக்கம். பிறகு நோய். காலையில் எழுந்தவுடன் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலை வந்துவிட்டால் அது நோய்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனக் கோளாறுகளை மனநோய் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர்? சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், ஒரு மாதம் தாங்குகிறது. சிலருக்கு மனைவி சாம்பாரில் யாரோ விற்ற பொடியைக் கலந்து கொடுக்கிறாள். கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டிக்கொள்ளுங்கள். கூடவே மருத்துவரையும் பாருங்கள். ஆனால் பொடி மட்டும் வேண்டாம். தெரியாமல் கலந்து கொடுக்கும் குடி நிறுத்த மருந்தின் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

பாடத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் கொத்தனார். மூன்று வருடத்துக்கு முன்னால், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் காதில் குரல் கேட்டது. பெரியாஸ்பத்திரியில் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், குணம் தெரிந்தது. "இனிமே எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். வேலை முடிந்து டாஸ்மாக் கடைக்குப் போகும் பழக்கமும் வந்தது. குரல் திரும்பவும் கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் பக்கத்து வயல்காரர் தனக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று நம்பி, கம்பால் அடித்து மண்டையை உடைத்துவிட்டார். போலீஸ் வந்தது.

மனைவி ஓ.பி. சீட்டை எடுக்கப் போகிறாள். மாமியார் கையைப் பிடித்துக்கொள்கிறார். "அதக் காட்டாதேடி. பைத்தியம்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம பொண்ணை யாரு கட்டுவா? குடிச்சுட்டு அடிச்சுட்டான்னு சொல்லு, ரெண்டு நாள்ல விட்டுருவாங்க." சீட்டு அரிசிக் குதிருக்கு அடியில் போகிறது.

மாமியாரின் பயம் நியாயமானது. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் இந்த ஒரு மறைப்பினால் என்னென்ன நடக்கிறது பாருங்கள்.

முதல் இழப்பு, சட்டத்தில். தானாகக் குடித்துவிட்டு ஒரு குற்றம் செய்தவர் "போதையில் இருந்தேன்" என்று சொன்னால் அதற்காகச் சட்டம் மன்னிக்காது. ஆனால் மனநோயினால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத நிலையில் செய்த செயல் குற்றமாகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இதைத்தான் சொல்லியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. நோய் இருந்தது என்று சும்மா சொன்னால் போதாது. சம்பவம் நடந்த நேரத்தில் அப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் எடுத்த சிகிச்சையின் சீட்டைவிட நல்ல சாட்சி எது? குதிருக்கு அடியில் கிடக்கும் சீட்டு கோர்ட்டில் பேசுமா?

இரண்டாவது இழப்பு, சிகிச்சையில். நோய் இருப்பது தெரியாததால் சிறை மருத்துவர் மாத்திரை கொடுப்பதில்லை. புதிய இடம், நெரிசல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து குரல்கள் கூடுகின்றன.

மூன்றாவது இழப்பு, உயிரையே தொடக்கூடியது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கைதான மூன்றாம் நாள்: கவனம்!

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஜன்னி கண்டதுபோல் பிதற்றல் வரும். இல்லாத பூச்சி ஊர்வதுபோல் தெரியும், இடம் நேரம் தெரியாது, ஓடப் பார்ப்பார், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காவிட்டால் இதில் உயிர் போகலாம். கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்குரிய மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் உண்டு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து ரிமாண்டு ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளில் அவர் எங்கே இருப்பார்? சிறையில். ஜன்னி வருகிற அதே நாட்களில். கூட இருப்பவர்களுக்கு இவர் குடிகாரர் என்று தெரியாது. பிதற்றுவதை "நடிக்கிறான்" என்றும், ஓடப் பார்ப்பதைத் "தப்பிக்கப் பார்க்கிறான்" என்றும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் கணவரோ மகனோ தினம் குடிப்பவராக இருந்து கைதாகிவிட்டால், கௌரவம் பார்க்காமல் மூன்று இடத்தில் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறைக்குள் சேர்க்கும்போதும் பரிசோதனை உண்டு, அங்கே போய்ச் சேருகிற மாதிரி வக்கீல் மூலமாகவோ நேராகவோ சொல்லுங்கள். என்ன சொல்வது? "ஐயா, இவர் தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இந்த நேரத்தில் குடித்தார், நிறுத்தினால் முன்பு வலிப்பு வந்திருக்கிறது." இந்த மூன்று செய்தி போதும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

மனநோய் உள்ளவர்களைக் குற்றம் ஏதும் இல்லாமலே சிறையில் போட்டு வைத்த காலம் நம் நாட்டில் இருந்தது. பீகாரில் ஹசாரிபாக் சிறையில் புத்தி சுவாதீனம் இல்லை என்ற காரணத்துக்காகவே பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்கள் பற்றிய வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. குற்றம் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்ட விரோதம், அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1993-இல் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படியும் அஸ்ஸாமில் 1951-இல் கைதான ஒருவர், விசாரணையே முடியாமல், மனநல ஆஸ்பத்திரியிலும் சிறையிலுமாக 54 வருடம் இருந்து 2005-இல்தான் வெளியே வந்தார். போகும்போது இளைஞர், வரும்போது 77 வயதுக் கிழவர். 1967-லேயே அவர் குணமாகிவிட்டார் என்று ஆஸ்பத்திரி சொல்லியும், கேட்பதற்கு ஆள் இல்லாததால் கோப்பு அப்படியே கிடந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு: சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கேட்பதற்கு வீட்டார் வேண்டும்.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் அறிய வேண்டியவை:

1. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருப்பவரையும், திக்குத் தெரியாமல் அலைபவரையும் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். அப்படி எடுத்தவரை எந்தக் காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது.

2. வீட்டுக்குள்ளேயே ஒரு மனநோயாளியைக் கவனிப்பாரின்றிப் போட்டு வைத்திருந்தாலோ, கொடுமைப்படுத்தினாலோ, அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸ் அதிகாரியின் கடமை. சிகிச்சை என்ற பெயரில் சங்கிலி போட்டுக் கட்டுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

3. சிறையில் இருப்பவருக்கு மனநோய் இருந்தால், அவரைச் சிறை மருத்துவப் பிரிவில் உள்ள மனநல வார்டுக்கு மாற்ற வேண்டும். அங்கே அந்த வசதி இல்லாவிட்டால் மனநல மருத்துவமனைக்கு மாற்ற வழி உண்டு.

4. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவர் மேல் வழக்குப் போட்டுத் தண்டிப்பதற்குப் பதிலாக, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டியது அரசின் கடமை. ஆகவே "போலீஸ் கேஸாயிடும்" என்று பயந்து பூச்சி மருந்து குடித்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

வழக்கு நடக்கும்போதும் வழி இருக்கிறது. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று தோன்றினால், கோர்ட்டு அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் செய்யலாம். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்து, உறவினர் ஒருவர் "நான் தவறாமல் வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறேன், யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பேற்றால், ஜாமீனில் அனுப்பவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த உறவினர் மனைவியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம்.

கஞ்சா போன்ற போதைப் பொருள் விஷயத்திலும் இதுபோல் ஒரு வழி உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவில் வைத்திருந்து பிடிபட்ட அடிமை ஒருவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்குப் பெற முடியும். ஆனால் சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டால் அந்த விலக்குப் போய்விடும். விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே?" என்கிறீர்களா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம். பெண்களுக்கும், பட்டியல் இன மக்களுக்கும், பழங்குடியினருக்கும் அப்படியே. தாலுகா கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அடி வாங்கும் மனைவிக்கு ஒரு வார்த்தை

"நோய் என்று சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் அடித்தாலும் பொறுத்துப் போக வேண்டுமா?" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. கூடாது. நோய்க்குச் சிகிச்சை வேண்டும் என்பதும், அடிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். குடித்து வெறியில் இருக்கும்போது வாதாடாதீர்கள். அரிவாள், கோடாலி, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. போலீஸ் வந்தால், "இவருக்கு மனநோய் இருக்கிறது, இதோ சீட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். புருஷனைக் காட்டிக் கொடுத்த பாவம் என்று நினைக்காதீர்கள். மண்டை உடைந்த பிறகு எஃப்.ஐ.ஆர். போடுவதைவிட, உடைவதற்கு முன்னால் மருத்துவமனையில் சேர்ப்பது இருவருக்குமே நல்லது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

நோய் ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்குக் குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் தீவிர மனநோய் வருகிறது. தூக்கமே இராது, பேச்சு மாறும், "இது என் குழந்தை இல்லை" என்பாள், வீணாகச் சந்தேகப்படுவாள். "பச்ச உடம்புல காத்து கருப்பு அண்டிருச்சு" என்று மந்திரிக்கப் போய் நாட்களைக் கழிக்காதீர்கள். இது பிரசவ அவசரம். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேர்ந்து, பெற்றவளே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய நிலை வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குழந்தையோடு அவளைத் தனியே விடாதீர்கள். சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டமே சொல்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிப்பார்கள்.

வெளியே வந்த பிறகு

சிறையிலிருந்து வரும் நாள் சந்தோஷமான நாள்தான். ஆனால் அதுவே ஆபத்தான நாளும்கூட. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களிடையே சாவு, அதே வயதுள்ள மற்ற மக்களைவிட ஏறக்குறைய 13 மடங்கு அதிகமாக இருந்தது. போதைப் பொருள் மிகுதியால் நேர்ந்த சாவே முதல் காரணம். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு போதையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் தாங்குவதில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? கூட்டாளிகள் கேட்டிலேயே காத்திருப்பார்கள். "வா மாப்ள, வந்ததுக்கு ஒண்ணு போடுவோம்." அன்றைக்குக் கூட்டாளிகளுக்கு முன்னால் வீட்டார் நிற்க வேண்டும். சிறை மருத்துவர் கொடுத்த மருந்து விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த அந்த வாரத்திலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி மருந்தைத் தொடருங்கள். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்" என்று வீட்டில் யாரும் குத்திக் காட்ட வேண்டாம். வேலைக்கு அனுப்ப முயலுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவனைத் தேடித்தான் பாட்டில் வரும்.

முளையிலேயே கிள்ளுவது எப்படி?

முளையில் கிள்ளாததை முற்றினால் கோடாலி கொண்டுதான் வெட்ட வேண்டும் என்பார்கள். கீழ்க்கண்ட அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காத்திருக்காதீர்கள்: தூக்கம் கெடுதல், தானாகப் பேசுதல், காரணமில்லாச் சந்தேகம், குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கி இருத்தல், "செத்துப் போறேன்" என்ற பேச்சு, காலையிலேயே குடி, குடிக்காவிட்டால் நடுக்கம். சாவைப் பற்றிய பேச்சுக்கு இரண்டு வாரம் எல்லாம் கிடையாது. அன்றே கவனியுங்கள்.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பிரசவம் பார்த்த அதே கட்டடம்தான், கூச்சம் வேண்டாம். பேச மட்டும் வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம். போதைப் பழக்கத்துக்கு 14446.

ஓ.பி. சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வீட்டில் அந்தச் சீட்டு குதிருக்கு அடியில் போகாமல் வக்கீல் கைக்குப் போயிருந்தால், மருந்து தொடர்ந்திருக்கும், மனநல மருத்துவரின் பரிசோதனை நடந்திருக்கும், ஜாமீன் கேட்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். மகள் கல்யாணத்தைப் பற்றி மாமியார் பட்ட கவலை? அப்பா வைத்தியம் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற வீட்டுக்கு மாப்பிள்ளை வருவானா, அப்பா வருடக் கணக்கில் சிறையில் கிடக்கிற வீட்டுக்கு வருவானா என்று அவரிடமே கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

* மனநோய் மட்டும் ஆபத்து அல்ல. மனநோயோடு குடி சேர்ந்தால் ஆபத்து.
* மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
* கைதானால் மூன்று இடத்தில் சொல்ல வேண்டும்: போலீஸ், பரிசோதிக்கும் மருத்துவர், சிறை மருத்துவர்.
* தினம் குடிப்பவர் நிறுத்திய முதல் நான்கு நாட்கள் உயிருக்கு ஆபத்தான நாட்கள்.
* காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம்.
* விடுதலையான முதல் இரண்டு வாரம் தனியே விடக் கூடாது.

இருவரும் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில், அல்லது நம் சொந்தத்தில், மருந்தை நிறுத்திவிட்டவர் யாராவது இருக்கிறார்களா? இந்த வாரம் அவரைப் பார்க்க யார் போவது?

2. நம் வீட்டு மருத்துவச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று இருவருக்கும் தெரியுமா?

3. நம் தெருவில் ஒருவர் மனநோயால் ஆர்ப்பாட்டம் செய்தால், வேடிக்கை பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் பதிலாக நாம் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன?

படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டிவிடாமல் பக்கத்து வீட்டுத் தம்பதிக்குக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து கேளுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது.